மக்கள் பூங்கா கரைந்த வரலாறு

சோலை, பொழில், கா, தண்டலை, நந்தவனம் என மரம் செறிந்த இடத்தைக் குறிக்கத் தமிழில் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. ஆயின், அச்சோலை யாருடையது என்று கேட்டால் அப்பெயர்கள் எல்லாம் சற்றே தயங்கி நிற்கும். மணிமேகலைக் காப்பியத்தின் மலர்வனம் புக்க காதை இதற்கு நல்லதொரு சான்று. பூக்கொய்யப் புறப்படும் மணிமேகலையை எந்தச் சோலைக்கு அழைத்துச் செல்வது என்று சுதமதி எண்ணிப் பார்க்கிறாள். புகார் நகரில் இலவந்திகை உண்டு. அஃது அரசனைச் சூழ்ந்தோர் உலவும் இடம். உய்யானம் உண்டு, அது தேவர்க்கு உரியது. சம்பாதி வனமும் கவேர வனமும் உண்டு. அவை தெய்வக் காவலில் உள்ளவை. இறுதியில் எஞ்சியது உவவனம் ஒன்றே. கடல் கடந்து வாணிகம் செய்த அத்துணைப் பெரிய நகரில், ஓர் இளம்பெண் தோழியோடு நடந்துபோய் அச்சமின்றிப் பூப்பறிக்க ஒரே ஒரு சோலைதான் இருந்தது போலும். அங்கும் உதயகுமரன் தேரூர்ந்து வந்துவிட்டான் என்பது வேறு கதை.

அரசனுக்கும் தனியுரிமை இல்லை, கோயிலுக்கும் இல்லை, நகரில் வாழும் எவரும் வரலாம், வாயிலில் நின்று "நீ யார்?" என்று எவரும் வினவுதல் கூடாது என்னும் கருத்து நமக்குப் புதியது. ஊர்ப்பொதுவாக மன்றமும் அம்பலமும் நம்மிடம் இருந்தன. ஆனால் காலப்போக்கில் அங்கும் குலம் பார்த்தே இடம் கிடைத்தது. நகராட்சி பொறுப்பேற்று, வரிப்பணத்தில் தோட்டக்காரரை அமர்த்தி, எல்லார்க்கும் திறந்துவைக்கும் பூங்கா என்பது தமிழகத்தில் நூற்றறுபது ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட வழக்கமே. அத்தகைய பூங்காக்கள் தோன்றிய வரலாற்றைப் பலர் எழுதியுள்ளனர். அவற்றுள் மிகப் பெரியதொன்று எவ்வாறு கரைந்தது என்பதே ஈண்டு யான் சொல்ல எடுத்துக்கொண்ட பொருள்.

குண்டலுபேட்டையில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் இதில் நாட்டம் கொள்வதற்குக் காரணம் உண்டு. நம் ஊர் இரண்டு புகழ்பெற்ற தோட்டங்களுக்கு நடுவே வழியில் அமைந்த ஊர். வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் மைசூர். அதனைக் கடந்தால் கிருஷ்ணராஜசாகர் அணையின் அடியில் பிருந்தாவனம். தெற்கே பந்திப்பூர்க் காட்டையும் முதுமலையையும் கடந்து மலையேறினால் உதகையின் தாவரவியல் பூங்கா. கோடை பிறந்ததும் மலர்க்கண்காட்சிக்குச் செல்லும் வண்டிகள் நம் கடைவீதியைத் தாண்டித்தான் போகின்றன. நாமும் விருந்தினர் வந்தால் இவ்விரண்டில் ஒன்றுக்கு அழைத்துச் செல்கிறோம். எனினும் இவை விருந்துக்குப் போகும் தோட்டங்களே. நுழைவுச்சீட்டு வாங்கி, ஆண்டுக்கொரு முறை பார்த்து மகிழ்வதற்கு உரியவை. மாலை ஐந்து மணிக்குப் பள்ளி விட்டு வந்த பிள்ளை பந்தை எடுத்துக்கொண்டு ஓடுவதற்கு உரியவை அல்ல.

உதகைத் தோட்டத்தின் பிறப்பிலேயே ஒரு சுவையான செய்தி உண்டு. அது முதலில் பூந்தோட்டமாகப் பிறக்கவில்லை. காய்கறித் தோட்டமாகப் பிறந்தது. 1845ஆம் ஆண்டில் அங்குக் குடியேறிய ஐரோப்பியர், மலையில் காய்கறி விலை கட்டுப்படியாகாமல், மாதம் மூன்று ரூபாய் சந்தா செலுத்தித் தமக்கெனத் தோட்டம் ஒன்றை நடத்த முற்பட்டனர். அம்முயற்சி நிலைக்கவில்லை. சந்தாவால் நடப்பவை பெரும்பாலும் அவ்வாறே முடிகின்றன. சங்கங்களின் பொருளாளராக இருந்தோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. பின்னர்க் கியூ தோட்டத்தில் பயின்ற மக்கைவர் என்பார் 1848இல் வந்து, பத்தாண்டு உழைப்பில் இன்று நாம் காணும் பூங்காவுக்கு வடிவம் கொடுத்தார். உறுப்பினர்க்கென்று தொடங்கியது தளர்ந்தது. அரசின் பொறுப்பில் வந்தபின் நிலைத்தது.

இனிச் சென்னைக்கு வருவோம். 1859ஆம் ஆண்டு சென்னை மாகாண ஆளுநராக வந்தவர் சர் சார்லஸ் டிரெவிலியன். மெக்காலேயின் தங்கை கணவர். இந்திய அரசு கொண்டுவந்த வருமானவரித் திட்டத்தை எதிர்த்துத் தம் கருத்தைப் பத்திரிகையில் வெளியிட்டமையால் மறு ஆண்டே திருப்பி அழைக்கப்பட்டார். ஆளுநர் பதவியில் அவர் இருந்தது ஓராண்டுக்குச் சற்று மேல். அக்குறுகிய காலத்தில் அவர் எண்ணிய பெருஞ்செயல், நெருக்கமும் புழுக்கமும் மிக்க கறுப்பர் நகரத்து மக்களுக்கு மூச்சுவிட ஒரு வெளி வேண்டும் என்பது. அதன் பயனாக, இன்று சென்ட்ரல் இரயில் நிலையம் இருக்கும் பகுதிக்கு வடமேற்கே 116 ஏக்கர் பரப்பில் மக்கள் பூங்கா எழுந்தது. பதினொரு குளங்கள், ஐந்தரை மைல் நீளச் சாலைகள், பொதுக் குளியலிடம், பாண்டு வாத்திய மேடை, பந்தாட்டக் களங்கள் ஆகியன அதில் அமைந்தன. எழும்பூர் அருங்காட்சியகத்தில் எட்வர்டு பால்ஃபர் 1855இல் தொடங்கிய விலங்குக் காட்சியும் சில ஆண்டுகளில் இங்கே மாற்றப்பட்டது. பெயரைக் கவனிக்க வேண்டும். அரசியின் பூங்கா அன்று, ஆளுநர் பூங்காவும் அன்று, மக்கள் பூங்கா. ஆள்வோர் அளித்த பெயர்தான் என்றாலும், அதனை நகரத்தார் நம்பினர்.

அந்நிலத்தில் ஆண்டு முடிவில் பூங்காக் கண்காட்சி நடைபெறும். நாடகம், வாணவேடிக்கை, கடைகள் எனப் பெருங்கூட்டம் கூடும். 1886ஆம் ஆண்டின் கடைசி நாளன்று அக்கண்காட்சியில் தீப்பற்றி, ஓலைக் கொட்டகைகளிடையே அகப்பட்டு நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். பொதுமக்கள் கூடும் இடத்தை நடத்துவது பூச்செடிக்கு நீர் பாய்ச்சுவது மட்டும் அன்று என்பதைச் சென்னை அன்று மிகக் கொடிய முறையில் அறிந்தது. வாயில் எத்தனை, வழி எவ்வளவு அகலம், கொட்டகைக்கு எதனைப் பயன்படுத்தலாம் என்பனவும் பூங்கா நிர்வாகத்தின் பகுதிகளே.

ஆனால் பூங்காவை அழித்தது தீ அன்று. அதனை அழித்தவை நல்ல காரியங்கள்.

முதலில் நகரத்துக்கு ஒரு பொதுமண்டபம் தேவைப்பட்டது. 1883இல் விஜயநகரம் அரசர் அடிக்கல் நாட்ட, பூங்கா நிலத்தின் தெற்கு விளிம்பில் விக்டோரியா பொதுமண்டபம் எழுந்தது. நிலம் 99 ஆண்டுக் குத்தகைக்கு அளிக்கப்பட்டது. எவ்வளவு சிறந்த மண்டபம்! சிசோமின் வடிவமைப்பு, நம்பெருமாள் செட்டியாரின் கட்டடம். பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை அங்கே நாடகங்களை அரங்கேற்றியது; 1897இல் விவேகானந்தர் அங்கே உரையாற்றினார்; சென்னையின் முதல் சலனப்படக் காட்சிகளும் அங்கேதான். தமிழ் நாடகத்தின்பால் அன்புடையார் எவரும் அம்மண்டபம் வந்தமைக்கு வருந்த மாட்டார்.

அடுத்து, பிராட்வேயில் நெருக்கடி விளைத்த சந்தையை அகற்ற வேண்டியிருந்தது. நகராட்சித் தலைவர் சர் ஜார்ஜ் மூர் 1898இல் அடிக்கல் நாட்ட, 1900இல் மூர் மார்க்கெட் திறக்கப்பட்டது. பழைய புத்தகங்களுக்காக அங்கே அலைந்த தலைமுறையினர் நம்மிடையே இன்னும் உளர். அதற்கும் அடுத்து, மாநகராட்சிக்கே இடம் போதவில்லை. 1909இல் மின்டோ பிரபு அடிக்கல் நாட்டி, 1913இல் ஹார்டிஞ்சு பிரபு திறந்துவைத்த வெண்ணிற ரிப்பன் மாளிகை எழுந்தது. பூங்காவைக் காக்கும் கடமையுள்ள அலுவலகமே பூங்காவில் வந்து அமர்ந்தது. பிறகு விளையாட்டரங்கு. 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் குவித்தது அந்தக் கார்ப்பரேஷன் அரங்கில்தான். அதே வட்டாரத்தில் 1993இல் பெரிய நேரு விளையாட்டரங்கம் திறக்கப்பட்டது.

இருபது ஆண்டுகளாகக் கோப்புகளோடு காலம் கழிப்பவன் என்ற முறையில் இப்பட்டியலைப் படிக்கையில் எனக்குத் தோன்றுவது ஒன்று. இவற்றுள் எந்தக் கோப்பிலும் தீய நோக்கம் இல்லை. ஒவ்வொன்றிலும் 'பொதுநலன் கருதி' என்று எழுதப்பட்டிருக்கும். அஃது உண்மையாகவும் இருக்கும். நான் அந்த நாற்காலியில் அமர்ந்திருந்தால் அவற்றுள் ஒன்றையேனும் திருப்பியனுப்பியிருப்பேன் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. மண்டபம் கேட்பவருக்கு மூன்று ஏக்கர், சந்தைக்குச் சில ஏக்கர், அரங்குக்குச் சில ஏக்கர். 116 ஏக்கரில் இவை பெரிதாகத் தோன்றா. கேட்பவருக்கு முகம் உண்டு, திட்டம் உண்டு, பரிந்து பேசும் பிரமுகர் உண்டு. மரத்தடியில் துண்டை விரித்து உறங்கும் கூலியாளுக்கும், குளக்கரையில் ஓடும் சிறுவனுக்கும் கோப்பு இல்லை. வெற்றிடம் என்று அலுவலக மொழியில் குறிக்கப்படுவது எப்போதும் இவர்களுடைய இடமே.

மீதமிருந்ததில் ஒரு பெரும் பகுதியை 1985ஆம் ஆண்டு மாற்றியமைத்தது. அவ்வாண்டு மே 30ஆம் நாள் மூர் மார்க்கெட் தீக்கிரையானது; அவ்விடத்தில் பின்னர் இரயில்வேயின் கட்டடங்கள் எழுந்தன. அவ்வாண்டிலேயே விலங்குக் காட்சி வண்டலூருக்குப் பெயர்ந்தது. விலங்குகளுக்கு அது விடுதலைதான். குறுகிய கூண்டுகளிலிருந்து 500 ஹெக்டேருக்கு மேற்பட்ட காட்டுக்குச் சென்றன. ஆனால் இரண்டு அணா கையில் இருந்தால் நடந்தே போய்ப் புலியைப் பார்க்க முடிந்த வடசென்னைப் பிள்ளைகளுக்கு அது தொலைவாயிற்று. இன்று மக்கள் பூங்காவில் எஞ்சியிருப்பது ரிப்பன் மாளிகைக்குப் பின்புறத்தே மை லேடீஸ் பூங்கா என்னும் சிறு துண்டு. பெயர் மட்டும் அகலமாகப் பரவி நிற்கிறது: பார்க் டவுன் என்னும் பேட்டை, பார்க் என்னும் இரயில் நிலையம். மைசூரிலிருந்து சென்ட்ரலில் இறங்கித் தாம்பரம் வண்டி பிடிக்கும் நம்மவர், பெட்டி படுக்கையோடு சாலையைக் கடந்து பார்க் நிலையத்துக்கு ஓடுகிறோம். எந்தப் பார்க் என்று கேட்பார் இல்லை. டிரெவிலியனின் நினைவாக எழுப்பிய நீரூற்று ஒன்று விக்டோரியா மண்டப வளாகத்தில் உளது.

இந்நகராட்சியையே குறை கூறிக்கொண்டிருத்தல் முறையன்று. பூங்காவில் மக்களுக்கு என்ன அளிக்கலாம் என்பதில் சென்னை நகராட்சி ஒரு காலத்தில் நாட்டுக்கே வழிகாட்டியது. கிருஷ்ணசாமி செட்டியார் முதலிய ஆர்வலர் 1924இல் சென்னை மாகாண வானொலிக் கழகத்தைத் தொடங்கினர். பொருளின்றி 1927இல் அது நின்றபோது, தம் ஒலிபரப்புக் கருவியை நகராட்சிக்கு அளித்துவிட்டனர். 1930 ஏப்ரல் முதல் நாள் நகராட்சி தானே வானொலி நிலையம் நடத்தத் தொடங்கியது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. வீட்டில் வானொலிப் பெட்டி வைத்திருந்தவர் அந்நாளில் எத்தனை பேர்? சபாவில் நுழைவுச்சீட்டு வாங்க இயலாத தொழிலாளியும், சபா வாயிலையே மிதித்தறியாத பெண்களும், புல்தரையில் அமர்ந்து சங்கீதம் கேட்டனர். 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கும் வரை இது தொடர்ந்தது. பின்னர்த் தமிழகத்தின் சிற்றூர்களிலும் பேரூர்களிலும் 'ரேடியோ பார்க்' என்று ஒன்று வழக்கில் வந்தது. மாலைச் செய்திக்காக அங்கே நின்ற கூட்டத்தை நம் பெரியோர் பலர் கண்டவர்களே. என் கருத்தில், நகராட்சிகள் நம் மக்களுக்குச் செய்த மிகப் பெரிய கலைத்தொண்டு அந்த ஒலிபெருக்கிதான். பிற்காலத்துப் பளிங்கு நீரூற்றுகள் அதற்கு ஈடாகா.

பூங்கா பேச்சுமேடையும் ஆயிற்று. 1949 செப்டம்பர் 18ஆம் நாள் இராயபுரம் இராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் நடந்த கூட்டம் தமிழக அரசியலையே திருப்பிவிட்டது. இன்று அப்பூங்கா அறிஞர் அண்ணாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. பிள்ளைகள் ஆடும் இடத்தில் கட்சிகள் பேசலாமா என்று சிலர் அந்நாளில் முகம் சுளித்தனர். பேசியதால்தான் அவ்விடம் எவர் நினைவிலிருந்தும் அகலவில்லை என்பேன்.

1959இல் தமிழகத்தில் பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்த வெளிகள் ஆகியவற்றைக் காப்பதற்கென்றே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. மக்கள் பூங்கா எண்ணப்பட்டுச் சரியாக நூறாண்டு! ஊராட்சி அமைப்புகள் இவ்விடங்களுக்குப் பட்டியல் தயாரித்து வைக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் உயிர்நிலை. பட்டியலில் ஏறாத பூங்கா சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாது.

நாம் வாழும் கருநாடகத்தின் கதை சற்று வேறு. பெங்களூர் லால்பாக், ஐதர் அலி 1760இல் தொடங்கி, திப்பு சுல்தான் வளர்த்து, 1856இல் அரசுத் தாவரவியல் தோட்டமானது. அத்தோட்டத்தில் பாடுபட்ட கைகளில் தமிழ்க் கைகள் பல. பூவும் காயும் பயிரிட்டுப் பெங்களூரை வளர்த்த திகளர் சமூகத்தார் தமிழகத்திலிருந்து வந்தோர் வழியினர் என்பதும், தோட்டப்பணிக்காக ஐதர் காலத்தில் அழைக்கப்பட்டோர் என்பதும் வழிவழியாகச் சொல்லப்படுவன. தருமராயர் கோயிலில் அவர்கள் எடுக்கும் கரகமே இன்றும் அந்நகரின் பெருவிழா. புலம்பெயர்ந்து வந்து இங்கே மண்ணைத் தொட்டவர்களில் நாம் முதல்வர் அல்லர்.

கப்பன் பூங்கா 1870இல் தலைமைப் பொறியாளர் சாங்கியின் திட்டப்படி சுமார் நூறு ஏக்கரில் தோன்றி, பின் முந்நூறு ஏக்கர் அளவுக்கு விரிந்தது. சென்னையில் பூங்கா சுருங்கிய அதே காலத்தில் பெங்களூரில் பூங்கா வளர்ந்தது காண்க. அங்கும் நல்ல காரியங்கள் நுழையாமல் இல்லை. அருங்காட்சியகம் வந்தது, சேஷாத்திரி ஐயர் நினைவு நூலகம் வந்தது, மன்றங்கள் வந்தன, பிள்ளைகளுக்குப் பால பவனம் வந்தது. ஆனால் 1975இல் அரசுப் பூங்காக்கள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கப்பன் பூங்கா, லால்பாக் போன்றவற்றின் நிலத்தை விற்றல், குத்தகைக்கு விடுதல், கொடையளித்தல், மாற்றிக்கொள்ளுதல், அடமானம் வைத்தல் ஆகியவற்றை அது தடுத்தது. நல்ல காரியம், தீய காரியம் என்று அச்சட்டம் பிரித்துப் பார்க்கவில்லை என்பதே அதன் வலிமை. அதற்குப் பின்னும் 1998இல் கப்பன் பூங்காவின் எல்லையைச் சுருக்க முயற்சி எழுந்தபோது நகரத்தார் திரண்டு எதிர்த்தனர். சட்டமும் தானே காவல் நிற்பதில்லை.

இதனினும் தெளிவான சான்று ஒரு வழக்கு. பெங்களூர் இராஜமகால் விலாஸ் விரிவாக்கத்தில் பூங்காவுக்கென வரைபடத்தில் ஒதுக்கிய நிலம், அரசின் ஆணையால் ஒரு மருத்துவ அறக்கட்டளைக்கு மருத்துவமனை கட்ட அளிக்கப்பட்டது. மருத்துவமனையை எதிர்க்கலாமா? அவ்வட்டாரத்துக் குடிமக்கள் எதிர்த்தனர். உயர்நீதிமன்றத்தில் தனி நீதிபதி அவர்கள் மனுவைத் தள்ளினார்; மேல்முறையீட்டு அமர்வு ஏற்றது; 1991இல் உச்ச நீதிமன்றம் குடிமக்கள் பக்கமே நின்றது. பூங்காவுக்கென ஒதுக்கியதை மருத்துவமனையாக்குதல் சட்டத்துக்குப் பொருந்தாது, ஒதுக்கீட்டை மாற்றுவது அமைச்சரின் விருப்பம் அன்று, அவ்விடத்துக் குடிமக்களுக்கு வழக்காடும் உரிமை உண்டு என்பன அத்தீர்ப்பின் சாரம். நோயுற்றோரைக் கவனிப்பது நல்லது. நோய் வராமல் மூச்சுவிட இடம் வைப்பதும் நல்லது. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. விக்டோரியா மண்டபத்தின் கோப்பு எழுதப்பட்ட நாளில் இப்படி ஒரு தீர்ப்பு இருந்திருந்தால், சம்பந்த முதலியாரின் நாடகங்களை வேறு இடத்தில் பார்த்திருப்போம், அவ்வளவே.

கருநாடகத்திலும் நகராட்சிப் பூங்காக்கள், திடல்கள், திறந்த வெளிகளுக்கெனத் தனிச் சட்டம் 1985இல் வந்தது. அது பெருநகருக்கு மட்டும் உரியதன்று. 1997 வரை மைசூர் மாவட்டத்தில் இருந்து இன்று சாமராஜநகர் மாவட்டத்தைச் சேர்ந்த நம் குண்டலுபேட்டை போன்ற ஊர்களிலும், புதிய மனைப்பிரிவுக்கு ஒப்புதல் அளிக்கையில் பூங்காவுக்கும் திறந்த வெளிக்கும் ஒரு பங்கு ஒதுக்குகின்றனர். அது வரைபடத்தில் பச்சை வண்ணத்தில் இருக்கும். நிலத்தில் போய்ப் பார்த்தால் முள்வேலியும் சில வேளை மணல் குவியலும் இருக்கும். வெறுமையாகக் கிடக்கும் வரை அதனைக் கேட்டு யாரேனும் வருவர். அவர்களும் நல்ல காரியத்துக்காகவே வருவர்.

வீடு வாங்கும் நம் குடும்பத்தினர் மனைப்பத்திரத்தை வழக்கறிஞரிடம் காட்டி வில்லங்கம் பார்க்கின்றனர். அதே வேளையில், ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவு வரைபடத்தின் நகலைப் புரசபை அலுவலகத்தில் விண்ணப்பித்துப் பெற்று, பூங்காவுக்கு ஒதுக்கிய மனையின் எண்ணைக் குறித்துக்கொள்வது கடினமன்று. சங்கத்தின் பீரோவில் அந்நகல் ஒன்று இருக்கட்டும். பொங்கல் விழாவின் கோலப் போட்டியையும் சிறுவர் ஓட்டப் பந்தயத்தையும் திருமண மண்டபத்தில் நெருக்கிக்கொண்டு நடத்துவதற்குப் பதில், அந்நிலத்தில் நடத்த எழுத்து மூலம் அனுமதி கேட்கலாம். கன்னட நண்பர்களின் பிள்ளைகளையும் அழைக்கலாம்; ஓட்டப் பந்தயத்துக்கு மொழி இல்லை. அனுமதி கேட்டுச் செல்லும் கடிதத்தில் 'பூங்கா மனை, எண் இத்தனை' என்று தெளிவாக எழுதவேண்டும். வரும் பதிலிலும் அதே சொல் இருக்கிறதா என்று பார்த்துக் கோப்பில் சேர்க்கவேண்டும். அடுத்த தையிலும் அவ்வாறே.